பழைய அப்ரைட் பியானோவும் மலை ஈரமும்: ட்யூனிங்னா உள்ள என்னதான் நடக்குது?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, அந்தப் பக்கம் கொடைக்கானல்னு எங்க போனாலும் ஏதாவது பழைய பங்களாலயோ கான்வென்ட் ஹால்லயோ சர்ச் ஓரத்துலயோ ஒரு அப்ரைட் பியானோ (கம்பியெல்லாம் செங்குத்தா நிக்கற, சுவரோரம் வைக்கற வகை) நிக்கும், மேல ஒரு பின்னல் துணி, அதுக்கு மேல ஃபோட்டோ ஃப்ரேமு, பக்கத்துல ஒரு பூ ஜாடி. வாசிக்கறவங்க ரொம்பக் கம்மி. ஏங்கன்னு கேட்டா "சுருதி போயிடுச்சுங்க, ட்யூனர் கீழ கோயம்புத்தூர்லருந்தோ பெங்களூர்லருந்தோ வரணும், வந்தாலும் ஆறு மாசத்துல திரும்பப் போயிடுது"ம்பாங்க.

அந்த "போயிடுது" ஏன் நடக்குது, வர்ற ட்யூனர் ரெண்டு மணி நேரம் உக்காந்து ஒரே கட்டையைத் தட்டித் தட்டி என்ன பண்றாரு, அந்தப் பையில என்னென்ன இருக்கு, இதெல்லாம் தெரியாதவங்களுக்காகத்தான் இது. மொதல்லயே விஷயத்தைச் சொல்லிடறேன். பியானோவுக்கு சுருதி சேர்க்கறதுன்னா எல்லா சுரத்தையும் சுத்தமா வைக்கறது இல்ல, எல்லாத்தையும் காது பொறுத்துக்கற அளவுக்கு, கணக்குப் போட்டு, கொஞ்சம் கொஞ்சம் தப்பா வைக்கறது. அது ட்யூனரோட வேலை. அப்படி வெச்ச தப்பு அதே அளவுல நிக்குதா இல்லையாங்கறது மரத்தோட கையில இருக்கு, நம்ம ஊர்ல மரம் மேகத்தோட கையில இருக்கு. ட்யூனரைத் திட்டறதுக்கு முன்னாடி இந்த ரெண்டாவது பாதியைத் தெரிஞ்சுக்கறது நல்லது.

உள்ள என்ன இருக்குன்னு பாத்துடலாம். மேல இருக்கற ஃபோட்டோ எல்லாம் எடுத்து வெச்சுட்டு மூடியைத் தூக்குங்க, உள்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் சின்னக் கொக்கி இருக்கும், அதைத் திருப்பினா முன்பலகை கழண்டு கையோட வந்துரும் (கனமா இருக்கும், ரெண்டு பேரா புடிங்க). கீழ்ப் பலகைக்கு ஒரு ஸ்ப்ரிங் பட்டை, அதை அழுத்தினா அதுவும் வந்துடும். டார்ச் அடிச்சுப் பாத்தா கட்டை 88-ன்னா கம்பி 220, 230 கிட்ட இருக்கும். இடது பக்கம் கீழ் ஸ்தாயில தாமிரம் சுத்துன தடிக் கம்பி ஒத்தையா, அப்புறம் ரெண்டு ரெண்டா, நடுவுலருந்து வலது கடைசி வரைக்கும் ஒரு சுரத்துக்கு மூணு மூணு ஸ்டீல் கம்பி. ஒவ்வொண்ணும் சராசரியா 70, 80 கிலோ இழுவையில நிக்குது. கூட்டிப் பாத்தா 15 டன்னுக்கு மேல வரும், சிலதுல 20 டன் கூட. இவ்வளவு இழுவையை மரம் மட்டும் தாங்காது, அதனாலதான் உள்ள தங்க கலர் பெயின்ட் அடிச்ச வார்ப்பிரும்பு ஃப்ரேம். பாஸ்டன்ல ஆல்ஃபியஸ் பாப்காக்னு ஒருத்தர் 1825-ல ஒரே வார்ப்புல செஞ்ச ஃப்ரேமுக்கு பேட்டன்ட் வாங்கினாரு, பியானோ இவ்வளவு சத்தமா, இவ்வளவு கனமா ஆனதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

கம்பியோட கீழ் நுனி ஃப்ரேம்ல இருக்கற ஒரு கொக்கியில மாட்டியிருக்கும், மேல் நுனி ட்யூனிங் பின்னுல சுத்தியிருக்கும். இந்தப் பின்னு போய் இறங்கறது பின் பலகைங்கற ஒரு தடி மரத்துக்குள்ள, பல அடுக்கா ஒட்டின கெட்டி மரம். பின்னாடி நட்டு, போல்ட்டுன்னு எதுவும் கிடையாது. மரம் பின்னை இறுக்கிப் புடிச்சிருக்கு, அவ்வளவுதான், அந்தப் புடிமானத்தை நம்பித்தான் 80 கிலோ இழுவை நிக்குது. கம்பியெல்லாம் ரெண்டு முனைக்கும் நடுவுல பிரிட்ஜுங்கற ஒரு மரக்கட்டை மேல ஏறி எறங்கிப் போகும், அந்த பிரிட்ஜ் ஒட்டியிருக்கறது பின்னால இருக்கற சவுண்ட்போர்டுல, அது ஸ்ப்ரூஸ் மரத்துல ஒரு சென்டிமீட்டர் கூட கனம் இல்லாத பெரிய பலகை. இந்தப் பலகையை ஞாபகம் வெச்சுக்குங்க, பிரச்சனையே இதுலதான்.

இப்ப காது விஷயத்துக்கு வருவோம். ப்ளஸ் ஒன் இயற்பியல்ல விம்மல்னு படிச்சிருப்பீங்க, இசைக்கவை ரெண்டை ஒண்ணா தட்டினா சத்தம் ஏறி எறங்குமே அதேதான். ஒரு கம்பி வினாடிக்கு 440 தடவை அதிருது, பக்கத்துக் கம்பி 442, ரெண்டையும் சேத்து அடிச்சா வினாடிக்கு ரெண்டு தடவை வவ்... வவ்...னு ஏறி எறங்கும். 441-க்கு கொண்டு வந்தா வினாடிக்கு ஒண்ணு. 440-க்கே வந்துட்டா விம்மல் நின்னு போய் ஒரே கம்பி மாதிரி நேரா ஒலிக்கும். ட்யூனர் கேக்கறது சுரத்தை இல்ல, இந்த விம்மலைத்தான். அதனால "எனக்கு சங்கீத ஞானம் இல்லையே"ன்னு பயப்பட வேண்டாம், பாடவே வராத நல்ல ட்யூனருங்க இருக்கலாம், இது வேற காது.

பழைய பியானோ காதுக்கு கரகரன்னு, சினிமாவுல வர்ற சாராயக்கடை பியானோ கணக்கா கேக்குதுன்னா பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான், ஒரே சுரத்தோட மூணு கம்பியும் ஒண்ணுக்கொண்ணு சேராம இருக்கு. சுரம் சுரத்தோட சேராதது ரெண்டாவது பிரச்சனை. மூணு கம்பியும் ஒண்ணா அடங்கிட்டாலே பாதி பியானோ திரும்ப வந்த மாதிரி இருக்கும். என்னைக் கேட்டா ஆரம்பிக்கறவங்க முதல் ஆறு மாசம் இதை மட்டும் பழகினா போதும், மத்ததைத் தொடவே வேண்டாம்.

அதுக்கு என்னென்ன வேணும்? முதல்ல ட்யூனிங் லீவர், ஹேமர்னும் சொல்லுவாங்க. ஒரு அடி நீளக் கம்பி, ஒரு பக்கம் கைப்பிடி, மறு பக்கம் நட்சத்திர வடிவக் குழி வெச்ச நுனி. பின்னோட தலை மேல போகப் போகக் குறுகற சதுரம், நுனி அது மேல ஆடாம உக்காரணும், இப்ப வர்ற பியானோவுக்கெல்லாம் ரெண்டாம் நம்பர் நுனி சரியா இருக்கும், ரொம்பப் பழைய இங்கிலீஷ் பியானோ சிலதுல பின் தலை நீள்சதுரமா, வேற சைஸ்ல இருக்கும், வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாத்துடுங்க. ஆன்லைன்ல ரொம்ப மலிவா வர்றதுல கழுத்து வளையும், நீங்க திருப்பறது லீவரையா பின்னையான்னே தெரியாது, காசைக் கொஞ்சம் சேத்து வெச்சு விறைப்பா இருக்கறதா வாங்குங்க. வேற எதுல காசு மிச்சம் புடிச்சாலும் இதுல வேண்டாம். ஸ்பேனர், கட்டிங் ப்ளேயர் எல்லாம் கிட்டயே கொண்டு போகக் கூடாது, பின் தலை மழுங்கிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

ரெண்டாவது மியூட்டு, அதாவது கம்பியை ஊமையாக்கற சாமான். மூணு கம்பில ஒண்ணை மட்டும் கேக்கணும்னா மத்த ரெண்டையும் அடக்கணுமில்லையா. ரப்பர் ஆப்பு ஒண்ணு, அப்ரைட்டுக்கு கம்பிக் கைப்பிடி வெச்சதா வாங்கணும். ஒரு நீள ஃபெல்ட் (அழுத்தின கம்பளி) பட்டை, அதை நடுப்பகுதி பூரா கம்பிக்கு இடையில மடிச்சு மடிச்சு சொருகினா ஒவ்வொரு சுரத்துலயும் நடுக் கம்பி மட்டும் பேசும். அப்புறம் பாப்ஸ் மியூட், அப்ரைட்டுக்குன்னே உள்ளது, ரெண்டு நாக்கு விரியற ஒரு பெரிய ட்வீசர், சுத்தியல் (கட்டையை அழுத்தினா வந்து கம்பியை அடிக்கறது) காம்புகளுக்கு நடுவுல நுழைச்சு விட்டா உள்ள போய் விரிஞ்சு ரெண்டு கம்பியை அழுத்திப் புடிச்சுக்கும். அப்ரைட்ல கம்பிக்கு முன்னாடி சுத்தியல், டாம்பர்னு (கட்டையை விட்டதும் கம்பியை அடக்கற ஃபெல்ட்) ஒரு காடே இருக்கறதால இது இல்லாம மேல் ஸ்தாயில வேலை ஆகாது.

மூணாவது ஒரு இசைக்கவை, ஏ 440, அதாவது ஏ-ங்கற சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு. லண்டன்ல 1711-ல ஜான் ஷோர்ங்கற எக்காளம் ஊதறவர் கண்டுபுடிச்ச சாமான், இன்னிக்கு வரைக்கும் பெருசா மாறல. 440-ங்கறதே பின்னாடி வந்த கணக்குதான், பிரான்ஸ்ல 1859-ல 435-ன்னு சட்டம் போட்டாங்க, 1939-ல லண்டன் மாநாட்டுல 440-ன்னு பேசி முடிச்சாங்க. இசைக்கவைக்குப் பதிலா ஃபோன் ஆப் போதாதான்னு கேப்பீங்க, அதுக்கு கீழ வர்றேன்.

இனிமே தப்பு வைக்கற கணக்கு. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் பழக்கம் இருக்கறவங்களுக்கு இது இன்னும் நல்லாப் புரியும். தம்புராவை நல்லா சேத்து மீட்டினா ஷட்ஜக் (ச) கம்பிக்குள்ளயே அந்தர காந்தாரம் (க) தானா கேக்கும், சுயம்பு காந்தாரம்னு பாட்டு வாத்தியாருங்க சொல்றது. அது ஷட்ஜத்தைப் போல சரியா ஒண்ணேகால் மடங்கு, 1.25. ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் (ப) ஒண்ணரை மடங்கு, 1.5. மேல் ஷட்ஜத்துக்கு 2. தம்புரா ஒரே ஷட்ஜத்துல நிக்கறதால இது எல்லாமே சுத்தமா அமையுது. ஆனா பியானோவுல எந்தக் கட்டையை வேணும்னாலும் ஷட்ஜமா வெச்சு வாசிக்கணும், அங்கதான் கணக்கு இடிக்குது. மேற்கத்திய சுரப் பேருல சொன்னா சி-லருந்து ஈ, ஈ-லருந்து ஜி ஷார்ப், அங்கருந்து மேல் சி, இப்படி மூணு காந்தாரம் அடுக்கினா ஒரு ஸ்தாயி முடியணும். ஒண்ணேகாலை மூணு தடவை பெருக்குங்க, 1.953 வருது, ரெண்டு வரல. சரி பஞ்சமமா அடுக்கிப் பாக்கலாம்னா 12 பஞ்சமம் ஏறினா 7 ஸ்தாயி வரணும், ஒண்ணரையை 12 தடவை பெருக்கினா 129.75, ரெண்டை 7 தடவை பெருக்கினா 128. ஒரு பக்கம் பத்தல, இன்னொரு பக்கம் மிஞ்சுது. எவ்வளவு பெரிய வித்வான் வந்தாலும் இந்த ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள சுத்தமா அடைக்க முடியாது.

அதனால என்ன பண்ணாங்கன்னா ஸ்தாயியை மட்டும் 2-ன்னு வெச்சுக்கிட்டு நடுவுல இருக்கற 12 அரைச் சுரத்தையும் ஒரே விகிதமா பிரிச்சுட்டாங்க, ஒவ்வொரு படிக்கும் 1.0595 மடங்கு. இதுக்குப் பேரு சம சுரப் பகுப்பு, ஈக்வல் டெம்பரமென்ட். ட்யூனருங்க அரைச் சுரத்தை 100 சென்ட்டா பிரிச்சு அளப்பாங்க, அந்தக் கணக்குல பஞ்சமம் சுத்தத்தை விட 2 சென்ட் கம்மி, அது யாருக்கும் உறுத்தாது. காந்தாரம் 14 சென்ட் கூட. இது காதுக்கு நல்லாவே தெரியும். வீட்டுல தம்புரா ஆப் போட்டுட்டு பியானோவுல காந்தாரத்தைத் தட்டிப் பாத்து "ட்யூனிங் சரியில்ல"ன்னு சொல்றவங்க இருக்காங்க, ட்யூனிங் சரியாத்தான் இருக்கு, பியானோவோட பிறவிக் குணமே அது.

இந்தத் தப்பை அளவா வைக்கறதுக்கும் விம்மல்தான் அளவுகோல். ட்யூனர் ஃபெல்ட் பட்டையைச் சொருகிட்டு முதல்ல நடு சி-க்கு மேல இருக்கற ஏ-வை இசைக்கவைக்குச் சேப்பாரு, அதுலருந்து ஒரு ஸ்தாயி கீழ 220. அப்புறம் அதைச் சுத்தி ஒரு ஸ்தாயியை மட்டும், பெரும்பாலும் நடு சி-க்குக் கீழ இருக்கற எஃப்-லருந்து மேல இருக்கற எஃப் வரைக்கும், நாலு அஞ்சு வழியில சரி பாத்து சரி பாத்து அமைப்பாரு. கீழ் எஃப்-பும் ஏ-வும் சேந்து அடிச்சா வினாடிக்கு சுமார் 6.9 விம்மல் வரணும். அடுத்த அரைப்படி ஏறினா 7.3, அதுக்கு மேல 7.8, 8.2, 8.7ன்னு மெதுவா வேகம் கூடிக்கிட்டே போகணும். நடுவுல ஏதாவது ஒண்ணு திடீர்னு மந்தமாவோ வேகமாவோ வந்தா அங்க ஒரு சுரம் நகந்திருக்குன்னு அர்த்தம், திரும்பிப் போய் புடிக்கணும். ஏ-லருந்து ஈ வரைக்கும் உள்ள பஞ்சமம் மட்டும் ரொம்ப சோம்பல், நாலு வினாடிக்கு மூணு விம்மல்தான். வினாடிக்கு 6.9-ஐ யாரும் எண்ண முடியாது, எண்ணவும் மாட்டாங்க, இந்த வேகம் இப்படி இருக்கும்னு காதுல படிஞ்சிருக்கும், படியறதுக்குத்தான் வருஷக் கணக்கா ஆகுது. அவர் ஒரே ரெண்டு கட்டையைத் தட்டித் தட்டி முகத்தைச் சுளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற நேரம் இதுதான், அப்ப போய் "காபி குடிக்கறீங்களா"ன்னு கேக்காதீங்க, மிக்ஸியும் போடாதீங்க.

அந்த ஒரு ஸ்தாயி அமைஞ்சா மிச்சதெல்லாம் அதுலருந்து மேலயும் கீழயும் ஸ்தாயி ஸ்தாயியா எடுத்துட்டுப் போறது, பட்டையை ஒவ்வொண்ணா உருவி மூணு கம்பியையும் சேக்கறது. இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. ஸ்டீல் கம்பி விறைப்பா இருக்கறதால அதோட மேல் அதிர்வுகள் சரியா 2 மடங்கு, 3 மடங்குன்னு வராம கொஞ்சம் தூக்கலா வரும். அந்தத் தூக்கலுக்கு ஏத்த மாதிரி ஸ்தாயியையும் கொஞ்சம் இழுத்து அகலமா வைக்கணும், வலது கடைசியில கணக்குப்படி வர்றதை விட 20, 30 சென்ட் ஏத்தி, இடது கடைசியில எறக்கி. பியானோ எவ்வளவு குட்டையோ அவ்வளவு அதிகமா இந்தக் கோளாறு இருக்கும். இதனாலதான் கிட்டார் ட்யூனர் ஆப்பை வெச்சு 88 கட்டையையும் பச்சை லைட்டுக்குக் கொண்டு வந்தாலும் பியானோ சப்புன்னு, மேல் பக்கம் சுருதி கம்மியா கேக்கும். டியூன்லேப், பியானோமீட்டர் மாதிரி பியானோவுக்குன்னே எழுதின ஆப் இருக்கு, அது உங்க பியானோ கம்பியையே கேட்டு எவ்வளவு இழுக்கணும்னு கணக்குப் போட்டுக் கொடுக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல ட்யூனருங்களே வெச்சிருக்காங்க. ஆனா மூணு கம்பியை ஒண்ணா அடக்கறது மட்டும் காதாலதான் பண்ணணும், திரையைப் பாத்துப் பண்ணினா தெரிஞ்சுடும்.

கை வேலை பத்தி ரெண்டு வார்த்தை. லீவரை பின் மேல உக்கார வைக்கும்போது கைப்பிடி நேரா மேல பாத்தோ கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சோ, கடிகாரத்துல 12-க்கும் 2-க்கும் நடுவுல, இருக்கணும். பக்கவாட்டுல நீட்டி வெச்சு இழுத்தா பின் சுழலாம வளையும், அப்ப சுரம் மாறின மாதிரி காட்டும், லீவரை எடுத்ததும் திரும்பிப் போயிடும், நாளடைவுல ஓட்டையும் பெருசாகும். வலது பக்கம் சுத்தினா சுருதி ஏறும், இடது எறங்கும், ஆனா நகர்த்தறது மயிரிழை அளவு, பார்வைக்கு லீவர் நகந்ததே தெரியாது. முதல்ல கொஞ்சம் எறக்கிப் பாருங்க, சுருதி எறங்குதான்னு கேட்டு சரியான பின்லதான் இருக்கீங்கன்னு உறுதி பண்ணிக்குங்க, வேற பின்னை ஏத்திக்கிட்டே போய் கம்பி அறுத்தவங்க ஊருக்கு நாலு பேர். அப்புறம் வேணுங்கற இடத்துக்கு மேல துளி ஏத்தி, கட்டையை நல்லா ஓங்கித் தட்டி, மெதுவா எறக்கி உக்கார வைக்கணும். ஓங்கித் தட்டறது கோவத்துல இல்ல, கம்பி பிரிட்ஜ்லயும் மேல அதை அழுத்திப் புடிக்கற இரும்புப் பட்டையிலயும் உரசிக்கிட்டு இருக்கும், பேசற பகுதியில ஒரு இழுவை, ட்யூனிங் பின்னுக்குப் பக்கத்துல ஒரு இழுவைன்னு நிக்கும், தட்டினாத்தான் ரெண்டும் சமம் ஆகும். இதைப் பண்ணாம விட்ட ட்யூனிங் ரெண்டு கீர்த்தனை வாசிக்கறதுக்குள்ள நழுவிடும்.

இப்ப நம்ம மலைக்கு வருவோம். "உயரமான ஊர்ல காத்து மெல்லிசு, அதனாலதான் சுருதி எறங்குது"ன்னு ஒரு பேச்சு இருக்கு. கம்பியோட சுருதியைத் தீர்மானிக்கறது நீளம், கனம், இழுவை மூணும்தான், 2,240 மீட்டர்ல இருக்கற ஊட்டியிலயும் மெட்ராஸ்லயும் அது ஒண்ணுதான். உயரம் குற்றவாளி இல்ல, ஈரம்தான்.

அந்த ஸ்ப்ரூஸ் பலகை ஈரத்தைக் குடிச்சா நார் ஓடற திசையில நீளாது, குறுக்கால விரியும். நாலு ஓரமும் இறுக்கி ஒட்டியிருக்கறதால விரிஞ்சது போக இடமில்லாம கம்பிப் பக்கமா புடைக்கும், புடைச்சா பிரிட்ஜ் கம்பியைத் தள்ளும், கம்பி இறுகி சுருதி ஏறும். காய்ஞ்சா அப்படியே தலைகீழ். எல்லா இடத்துலயும் ஒரே அளவு ஏறி எறங்கினா கூட பரவால்ல, அப்படி இல்ல. தாமிரக் கம்பி முடிஞ்சு ஸ்டீல் கம்பி ஆரம்பிக்கற நடுப்பகுதி ரொம்ப நகரும், இடது கடைசியும் வலது கடைசியும் அவ்வளவா நகராது. மழை மாசத்துல இடது கைக்கும் வலது கைக்கும் சண்டை மூட்டி விட்ட மாதிரி கேக்கறது இதனாலதான்.

பியானோவுக்குப் புடிச்சது 40-லருந்து 60 சதவீதம் ஈரப்பதம், அதை விட முக்கியம் அது மாறாம இருக்கறது. நம்ம ஊர்ல ஜூன்லருந்து தென்மேற்குப் பருவமழை, அது ஓயறதுக்குள்ள அக்டோபர்ல வடகிழக்கு, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அதுதான் பெருசு, மேகம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும். அப்புறம் ஜனவரி வந்தா உறைபனி. குளிர் காலம்னா ஈரம்னு நெனைப்போம், வீட்டுக்குள்ள அப்படி இல்ல. வெளிய 5 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னு வெச்சுக்குங்க, அதே காத்தை ரூமுக்குள்ள 20 டிகிரிக்கு சூடாக்கினா ஈரப்பதம் 34 சதவீதத்துக்கு வந்துடும், தண்ணி எங்கயும் போகல, சூடான காத்து இன்னும் நெறைய தண்ணி தாங்கும், அவ்வளவுதான். ராத்திரி கணப்புல வெறகு போட்டு ஏழுலருந்து பத்து வரைக்கும் குளிர் காய்றோம், அப்புறம் அணைஞ்சுடுது, விடியறப்ப பழையபடி சில்லுன்னு ஈரம். பியானோவை அந்தக் கணப்புக்குப் பக்கத்துல வெச்சிருந்தா பலகை தினமும் இந்த ஆட்டம் ஆடும். நம்ம பங்களாக்கள்ல ஹால்னா கணப்பு, கணப்புன்னா பக்கத்துல பியானோன்னு ஒரு அழகுக்கு வெச்சுட்டாங்க, படத்துக்கு நல்லா இருக்கும், பியானோவுக்கு ஆகாது. வெளிச்சுவர்ல ஒட்டியும் வைக்காதீங்க, உள்சுவரா பாத்து, சுவருக்கும் பின்பக்கத்துக்கும் ஒரு சாண் விட்டு, ஜன்னல் வெயில் படாத இடத்துல வையுங்க. மேல இருக்கற பூ ஜாடியை இன்னிக்கே எடுத்துடுங்க.

முந்தியெல்லாம் கீழ்ப் பலகைக்குள்ள ஒரு சின்ன குண்டு பல்பை எரிய விட்டு ஈரத்தை விரட்டுவாங்க. அது வேலை செஞ்சது அதோட சூட்டால. இப்ப அதே இடத்துல எல்இடி பல்பு மாட்டிட்டு ஈரம் கொஞ்சம் கூட காயலன்னு சொல்றாங்க, எல்இடி எங்க சூடாகும்? பழைய பல்பு கிடைச்சாலும் நான் சொல்ல மாட்டேன், நூறு வருஷ மரம், ஃபெல்ட், தூசு, பக்கத்துல எரியற பல்புன்னா வீடே போயிடும். இதுக்குன்னே ஹீட்டர் ராடு, ஈரம் பாத்துத் தானா ஆன் ஆஃப் ஆகற சிஸ்டம் எல்லாம் விக்குது. அவ்வளவு செலவு வேண்டாம்னா ஈரப்பதம் காட்டற சின்ன ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி உள்ள வையுங்க, ஒரு வருஷம் எழுதி வெச்சாலே உங்க ரூம் எப்படி நடந்துக்குதுன்னு தெரிஞ்சுடும், பாதி பிரச்சனை பியானோவை நகர்த்தினாலே தீரும். ஃபெல்ட்டைப் பூச்சி தின்னாம இருக்க அந்துருண்டை துணியில கட்டி கீழ வைக்கலாம். கட்டை ஒட்டுதுன்னு தேங்கா எண்ணெய் விடறது, பின் இறுகியிருக்குன்னு துரு ஸ்ப்ரே அடிக்கறது, ரெண்டும் வேண்டாம். பின் பலகைக்குள்ள எண்ணெய் எறங்கினா அந்தப் புடிமானமே போச்சு.

மலையில கிடைக்கற பியானோல நெறைய வெள்ளைக்காரன் காலத்துது. அதுல வெப்ப நாட்டுக்குன்னே செஞ்சது உண்டு, பசையை மட்டும் நம்பாம பித்தளை ஸ்க்ரூவும் பட்டையும் போட்டு இறுக்கியிருப்பாங்க, மூடியைத் தூக்கினா பித்தளை பளபளன்னு தெரியும், அப்படி இருந்தா கொஞ்சம் மதிப்பு கொடுங்க. ஆனா பழைய இங்கிலீஷ் அப்ரைட்ல இன்னொரு தொல்லை, டாம்பர் சுத்தியலுக்கு மேல இருக்கும், அதை இயக்கற கம்பிகள் வரிசையா முன்னாடி நின்னு கூண்டு கட்டியிருக்கும். பேர்ட்கேஜ்னு ட்யூனருங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்றது இதைத்தான். மியூட்டை உள்ள நுழைக்கறதே பெரும்பாடு, அதனால கூலி கூடக் கேட்டா அது நியாயம்தான். வாங்கறதுக்கு முன்னாடி முன்பலகையைக் கழட்டிப் பாத்து இந்தக் கூண்டு இருந்தா, கூடவே இரும்பு ஃப்ரேம் முழுசா மேல வரைக்கும் இல்லாம பாதியில நின்னா, ஓசியா கொடுத்தாலும் ரெண்டு தடவை யோசிங்க.

பல வருஷம் தொடாத பியானோ அரைச் சுரம், சிலது முக்கால் சுரம் கூட எறங்கிக் கிடக்கும். இதை ஒரே தடவையில 440-க்கு ஏத்த முடியாது. கயித்துக் கட்டில் இறுக்கறப்ப ஒரு பக்கம் இழுத்தா முன்னாடி இழுத்த பக்கம் தொய்யுமே அதே கதைதான், வலது பக்கம் ஏத்தற டன் கணக்கான இழுவையில சவுண்ட்போர்டு அமுங்கி, இடது பக்கம் ஏற்கனவே சேத்ததெல்லாம் எறங்கிடும். அதனால முதல் சுத்துல வேகமா, வேணுங்கறதுக்கு மேலயே கொஞ்சம் ஏத்தி ஓட்டிட்டு, ரெண்டாவது சுத்துலதான் நுணுக்கம் பாப்பாங்க, ரெண்டு மூணு வாரம் விட்டு இன்னொரு தடவை. துருப் புடிச்ச கம்பின்னா பாதியில அறும், அறுந்தா ட்யூனர் மேல பழி போடாதீங்க. என் அபிப்பிராயம், தனியா வீட்டுல வாசிக்கற பழைய பியானோவை 440-க்கு ஏத்தியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, அது எங்க நிக்குதோ அங்கயே வெச்சு ஒண்ணுக்கொண்ணு சேத்துட்டா போதும். சர்ச்ல கீபோர்டோட சேந்து வாசிக்கணும்னா கீபோர்டுல சென்ட் கணக்குல எறக்கற ஃபைன் ட்யூன் இருக்கும், அதை எறக்கிக்குங்க. ட்ரினிட்டி கிரேடு எக்ஸாமுக்குப் பழகற பிள்ளைங்க இருக்கற வீடு, வயலின், புல்லாங்குழல் சேர்ற இடம்னா மட்டும் ஏத்தறதுல அர்த்தம் இருக்கு.

பின் சுத்தினா நிக்காம மெதுவா திரும்பி வருதுன்னா பின் பலகை தளர்ந்திருக்கு. தை, மாசி வறட்சியில மரம் சுருங்கறப்ப இது கூடத் தெரியும். கொஞ்சம் தடிமனான பின் மாத்துவாங்க, இல்ல தண்ணி பதத்துல இருக்கற இன்ஸ்டன்ட் பசையைச் சொட்டு விட்டு புடிக்க வைப்பாங்க, தெரிஞ்சவங்க பண்ணினா நல்லாவே நிக்கும், நீங்க ட்யூப் வாங்கி ஊத்தாதீங்க.

எப்பப் பண்ணணும்? இதுல நம்ம ஊர்ல எல்லாரும் ஒரே தப்பைப் பண்றோம். கேரல் ப்ராக்டிஸ் வருதுன்னு டிசம்பர் முதல் வாரத்துல ட்யூனரைக் கூப்பிடறோம். அப்ப பலகை அக்டோபர், நவம்பர் மழையை முழுசா குடிச்சுப் புடைச்சு நிக்குது, அந்த நிலைமையில சேத்து விட்டா ஜனவரி, பிப்ரவரியில காய்ஞ்சு சுருங்கினதும் நடுப்பகுதி பொத்துன்னு எறங்கும். அப்பத்தான் டீச்சரம்மா ஃபோன் போட்டு "என்ன தம்பி, ரெண்டு மாசம் தான ஆச்சு, அதுக்குள்ள இப்படி"ம்பாங்க, அவரும் "நான் என்ன டீச்சர் பண்றது, உங்க ஊர் அப்படி"ம்பாரு. கேரலுக்கு வேணும்னா தொட்டுச் சரி பண்ற மாதிரி சின்னதா ஒண்ணு பண்ணிக்கலாம். முழு வேலையை பிப்ரவரி கடைசியில, காத்து காய ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆனதும் வெச்சுக்குங்க, கோடை மழை வர்ற வரைக்கும் நல்லா நிக்கும். ரெண்டாவது ஒண்ணுக்கு வசதி இருந்தா ஆகஸ்ட், மழை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல பலகை குடிக்கறதைக் குடிச்சு ஒரு நிலைக்கு வந்திருக்கும். புதுப் பியானோன்னா முதல் வருஷம் மட்டும் மூணு நாலு தடவை வேணும், புதுக் கம்பி நீண்டுக்கிட்டே இருக்கும். ட்யூனர் ஒரு தடவை மலை ஏறி வர்றது அவருக்கும் செலவு, பக்கத்து ரெண்டு மூணு வீடு, ஸ்கூல், சர்ச்னு சேந்து ஒரே வாரத்துல கூப்பிட்டா வண்டிக் காசைப் பங்கு போட்டுக்கலாம், ஒரு நாளைக்கு மூணு பியானோவுக்கு மேல அவர் காது தாங்காது, அதையும் கணக்குல வெச்சு நாள் சொல்லுங்க.